புது கேட்கானை (கேட்டலிடிக் கன்வர்ட்டர்) மாட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? (2004 ஆக்சென்ட், சைலன்சர் முழுவதும் மாற்றுகிறேன்)

முடிச்சூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வண்டி 2004 ஹூண்டாய் ஆக்சென்ட் 1.5 பெட்ரோல், அப்பா வாங்கியது. 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 2015 டிசம்பரில் எங்கள் தெரு வண்டிகள் எல்லாம் வெள்ளத்தில் குளித்தபோது இதுவும் கூடவே குளித்தது. அதிலிருந்து சைலன்சர் குழாயைத் துரு விட்டபாடில்லை. நடுக்குழாயில் நான்கு இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறது. பின்னால் இருக்கும் பெரிய டப்பா அடிப்பக்கம் உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. ஆகவே முன்னாலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன்.

கேள்வி கேட்கானைப் பற்றி, அதாவது சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு புகையின் நச்சைக் குறைக்கும் டப்பாவைப் பற்றி. மூன்று வருடத்துக்கு முன் புதிதாக ஒன்று போட்டேன். 14 மாதத்தில் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வர ஆரம்பித்தது. போட்டுக் கொடுத்த இடத்தில் கேட்டால் "பீஸ் சரியில்லை சார்" என்று முடித்துக்கொண்டார்கள். இப்போது புகைச் சோதனையில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 1.9 சதவீதம், எச்.சி. (எரியாத பெட்ரோல்) 870. வண்டிக்கு அனுமதி 0.5 சதவீதமும் 750-உம்தான். போன தடவை எப்படித் தேறியது என்று கேட்காதீர்கள்.

புது கேட்கான் வாங்கிவிட்டேன், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இதுவும் 14 மாதத்தில் போனால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. என்ன செய்தால் இது நிலைக்கும்?

கிரீஸ்கை

தம்பி, அது இன்னும் பத்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

மதுரையில் 27 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்கான் தானாகச் செத்து நான் பார்த்தது அபூர்வம். முன்னால் இருக்கிற எஞ்சின்தான் அதைக் கொல்லும். கொன்றவன் யார் என்று தெரியாமல் புதுசை மாட்டினால் அவன் கையில் இன்னொரு ஆளை ஒப்படைத்த கணக்கு.

முதலில் பழையதைக் கழற்றி, டார்ச் அடித்து முன்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும்.

கட்டங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டரிலிருந்து அப்படியே வந்து கேட்கானுக்குள் எரிந்திருக்கிறது. கட்டம் சரியாக இருந்து, மேலே கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சாம்பல் நிறத்தில் மாவு பூசியது போல இருந்தால் ஆயில் எரிகிறது, அல்லது கூலன்ட் உள்ளே போகிறது. நிறம் மாறாமல் துண்டு துண்டாக உடைந்திருந்தால் அடி வாங்கியிருக்கிறது, இல்லையென்றால் சூட்டோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

கூடவே நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம். இவ்வளவும் சொன்ன பிறகு பேசலாம்.

நேர்குழாய்

ப்ரோ, இவ்வளவு தலைவலி எதுக்கு? கேட்கானையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர் பைப் வெல்டிங் வைத்துவிடுங்கள். பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும். என் பழைய மாருதி ஜென்னில் அப்படித்தான் செய்தேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல டயர் போடுங்கள்.

வேதிவாத்தியார்

பிக்கப் கூடியது ஜென்னில் கேட்கான் ஏற்கெனவே அடைத்திருந்ததால் இருக்கும். அடைத்த மூக்கைத் திறந்தால் மூச்சு வரும். அதற்காக மூக்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் இருக்கும் கேட்கான் இந்த மாதிரி வண்டியில் பறிக்கும் சக்தி, ஓட்டுகிறவருக்குத் தெரியாத அளவுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாசு வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை விடுங்கள். சென்னை சிக்னலில் இவர் வண்டிக்குப் பின்னால் நிற்கும் பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அவருக்கு ஏசி கிடையாது, கண்ணாடியை ஏற்றிக்கொள்ளவும் முடியாது.

நேர்குழாய்

சரி சார், வாயை மூடிக்கொள்கிறேன். இழையை மட்டும் பின்தொடர்கிறேன்.

முடிச்சூர்க்காரன்

கிரீஸ்கை அண்ணா, சொன்னபடி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போனது.

பழையதன் முன் முகத்தில் ஒரு பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு உருகி, ஊதுவத்தி மாடத்தில் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி இருக்கிறது. மீதி இடம் எல்லாம் வெளிறிய சாம்பல் பூச்சு. தட்டினால் அரிசி போலத் தூள் கொட்டுகிறது. அப்படியென்றால் இரண்டு கொலைகாரர்களா?

பிளக்குகளில் 1, 2, 4 பரவாயில்லை. மூன்றாவது பிளக்கின் முனையில் பழுப்பும் கறுப்புமாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது, மரையில் ஆயில் ஈரம். அந்த சிலிண்டருக்குப் போகும் பிளக் வயரை இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் நீலமாகப் பொறி தாவுகிறது! இத்தனை நாள் ஏசி போட்டால் வரும் லேசான உதறலை எஞ்சின் மவுன்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயில் 1,500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குப்பென்று நீலப்புகை, அப்புறம் ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் மிதித்தாலும் புகை இல்லை.

கிரீஸ்கை

படம் தெளிவாகிவிட்டது. ஆமாம், இரண்டு பேர்தான்.

காலையில் ஒரு குப் மட்டும் வந்து நின்றுவிடுகிறது, மிதித்தால் வரவில்லை என்றால் அது வால்வ் சீல். ராத்திரி முழுவதும் மேலே தேங்கிய ஆயில் காய்ந்து இறுகிப்போன சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் மிதிக்க மிதிக்கப் புகை வந்துகொண்டே இருக்கும். இருந்தாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்துவிடுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் சிலிண்டரைக் கடையும் போர் வேலை தேவையில்லை.

சீல் மாற்ற ஹெட்டை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளக் ஓட்டை வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றை உள்ளே விட்டு, கையால் கிராங்கைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை நசுக்கி வால்வுகளைத் தாங்கிக்கொள்ளும். அப்புறம் ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வ் உள்ளே விழாது. கயிற்றின் ஒரு நுனி வெளியே இருப்பதை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் எஞ்சினில் சிலிண்டருக்கு மூன்று என்று 12 வால்வு. பொறுமையான ஆள் இருந்தால் ஒரு நாள் வேலை.

பிளக் வயரில் கெட்டது ஒன்று என்றாலும் செட்டாக மாற்றுங்கள். நான்கு பிளக்கும் புதுசு.

மூன்றாவதாக ஒரு ஆளைச் சந்தேகப்படுகிறேன். முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எப்போது மாற்றியது?

முடிச்சூர்க்காரன்

எனக்குத் தெரிந்து மாற்றியதே இல்லை. இந்த வண்டியில் சென்சார் ஒன்றே ஒன்றுதான், கேட்கானுக்கு முன்னால். பின்னால் கிடையாது.

கிரீஸ்கை

அப்படியென்றால் அது 20 வருடக் கிழவன். எஞ்சின் சூடான பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பலாக அசைந்தாலோ ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டாலோ இ.சி.யூ. (எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் கணினி) குருடாகத்தான் பெட்ரோல் விடுகிறது.

மாற்றுவதற்கு முன் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்) பேக்கிங்கில் ஒழுகல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இது பலருக்குப் புரிவதில்லை. ஒழுகல் என்றால் புகை வெளியே போவது மட்டும் என்று நினைக்கிறார்கள். புகை குழாயில் சீராக ஓடாது, துடித்துத் துடித்துத்தான் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவில் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். சென்சார் "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். இ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றும். கூடுதல் பெட்ரோல் முழுவதும் கேட்கான் தலையில் விடியும். 200 ரூபாய் பேக்கிங், சாவது அதைப் போல எத்தனையோ மடங்கு விலையுள்ள கேட்கான்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பின்னால் ஒருவரைத் தடித்த துணியால் குழாய் வாயை ஒரு நொடி அடைக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் காதை வையுங்கள். "டிக் டிக்" என்று கேட்டால் அங்கேதான். சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

வேதிவாத்தியார்

கொலைக்கான காரணத்தை நானும் கொஞ்சம் சொல்கிறேன். வகுப்பு எடுக்கிறேன் என்று திட்ட வேண்டாம்.

உள்ளே இருப்பது பீங்கான் போன்ற ஒரு பொருள். சதுர அங்குலத்துக்கு 400 கட்டம் என்பது பரவலான அளவு. அதன் சுவரில் அலுமினா பூச்சு, பூச்சுக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் சேர்த்துச் சில கிராம். அந்தச் சில கிராமை மிக நுண்ணிய துகளாகத் தூவியிருப்பதுதான் சூட்சுமம். துகள் சிறிதாக இருந்தால்தான் புகை படும் பரப்பு அதிகம். 250 முதல் 300 டிகிரியில் விழித்துக்கொள்ளும். 400 முதல் 800 வரை நிம்மதியாக வேலை செய்யும். மிஸ்ஸிங்கால் சூடு ஆயிரத்தை நெருங்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நடப்பது போல. உலோகம் அத்தனையும் உள்ளேதான் இருக்கும், பயன் இருக்காது. 1,400 டிகிரியைத் தாண்டினால் பீங்கானே இளகும். முடிச்சூர்க்காரர் பார்த்த மெழுகு அதுதான்.

சாம்பல் பூச்சு வேறு கதை. எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைக் குறைக்க துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம் போடுவார்கள். ஆயில் எரிந்தாலும் அது எரியாது. சாம்பலாகப் போய் கேட்கான் முகத்தில் படியும், கண்ணாடியில் சுண்ணாம்பு படிகிற மாதிரி. சிலிக்கானும் இப்படித்தான். கூலன்ட்டிலிருந்து வரலாம், கண்ட கண்ட சிலிக்கோன் பசையைத் தடவினால் அதிலிருந்தும் வரலாம்.

ஈயம் எல்லாவற்றுக்கும் தாத்தா. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்கானைக் கட்டாயமாக்கியபோதே ஈயமில்லாத பெட்ரோலையும் அங்கே கொண்டுவந்தது இதனால்தான். நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். நடுவில் அந்த ஐந்து வருடம், சென்னையில் வாங்கிய காரை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் அங்கே டேங்கை நிரப்பியவர்கள் எத்தனை கேட்கானைக் கொன்றார்களோ!

மலைக்கோட்டை

வாத்தியாரே, அப்போது எந்த ஆயில் போடுவது? என் எஸ்டீமுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறேன். பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

வேதிவாத்தியார்

ஏ.பி.ஐ. எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. என்று தரக்குறியை டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்களில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய தரங்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. 20டபிள்யூ-50-க்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆக, வண்டிக் கையேட்டில் மெல்லிய தரம் அனுமதித்திருந்தால் அதுவே கேட்கானுக்கு நல்லது. ஆனால் மெல்லியதைப் போட்டு லிட்டர் கணக்கில் எரிய விடுவதைவிட, கெட்டியைப் போட்டு எரியாமல் பார்த்துக்கொள்வது மேல். எரியாத ஆயில் எந்த ஆயிலாக இருந்தாலும் கேட்கானுக்கு ஒன்றும் ஆகாது.

சான்ஹோசேவாசி

திருநெல்வேலிக்காரன், கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். என் பழைய கேம்ரிக்குப் போன வருடம் இதே வேலை செய்தேன். இங்கே மாநிலத்தின் காற்று வாரியம் ஒப்புதல் எண் கொடுத்த கேட்கானைத்தான் மாட்டலாம். அந்த எண் உறை மேலேயே பொறித்திருக்கும்.

நான் சொல்ல வந்தது பெட்டிக்குள் வந்த தாளைப் பற்றி. பாதிக்கு மேல் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறது. மிஸ்ஸிங் இருக்கக் கூடாது, ஆயில் எரியக் கூடாது, கூலன்ட் உள்ளே போகக் கூடாது, பழைய கேட்கான் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே மாட்டவும். உருகியோ, ஆயில் படிந்தோ திரும்பி வந்தால் வாரன்டி கிடையாது. நீங்கள் வாங்கியதிலும் அப்படி ஒரு தாள் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, முதல் ஸ்டார்ட். உள்ளே பீங்கானைச் சுற்றி ஒரு பாய் மாதிரி விரிப்பு இருக்கும். பல கேட்கான்களில் அது முதல் சூட்டில் உப்பித்தான் பீங்கானை இறுக்கிப் பிடிக்கும். அது பிடிப்பதற்கு முன் ஆக்சிலரேட்டரை உறுமவிட்டால் பீங்கான் உள்ளே ஆடி ஓரம் நொறுங்கும். ஆகவே மாட்டியவுடன் ரேஸ் கொடுக்காமல் ஐடிலிலேயே நன்றாகச் சூடாக விடச் சொல்லியிருந்தது. நான் கால் மணி நேரம் விட்டேன். முதலில் கொஞ்சம் புகையும் நாற்றமும் வரும். பயந்துவிடாதீர்கள்.

மலைக்கோட்டை

இணைப்பு இடங்களில் சைலன்சர் பேஸ்ட் தடவலாமா? எங்கள் ஊரில் தடவாமல் மாட்டவே மாட்டார்கள்.

கிரீஸ்கை

கேட்கானுக்குப் பின்னால் என்றால் தடவுங்கள், பிழைத்துப் போகட்டும். முன்னால் வேண்டவே வேண்டாம். காய்ந்த பேஸ்ட் சில்லுச் சில்லாக உதிர்ந்து நேராகப் போய் தேன்கூட்டில் அடிக்கும். முன் இணைப்புக்குப் புது பேக்கிங், புது ஸ்பிரிங் போல்ட், அவ்வளவுதான். வால்வ் கவருக்குச் சிலிக்கோன் தேவைப்பட்டால் டியூபில் "ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது" என்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

மாட்டுகிற அன்றைக்குக் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மேனிஃபோல்ட் ஸ்டட் ஒன்று உடைந்தால் அன்றைய வேலை அதோடு போச்சு. பழைய குழாயைக் கழற்றிய பிறகு முன் குழாயைத் தட்டி, ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். துரு, பழைய பேக்கிங் துணுக்கு, வெல்டிங் குண்டு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பின்னால் இருக்கும் டப்பாவையும் நீங்கள் மாற்றுவது நல்லதாகப் போயிற்று. பழைய கேட்கான் துண்டு பாதி அதற்குள்தான் போய் அடைத்திருக்கும்.

புதுசின் உறையில் அம்பு போட்டிருக்கும், புகை போகும் திசையில் இருக்க வேண்டும். எல்லா இணைப்பையும் முதலில் கைவிரலால் மட்டும் முடுக்கி, ரப்பர்களில் தொங்கவிட்டு, எதுவும் எதையும் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்னாலிருந்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். இழுத்துப் பிடித்து மாட்டினால் அந்த இழுவை ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் கேட்கான் கழுத்தில்தான் இறங்கும். ரப்பர் எல்லாம் புதுசு போடுங்கள். எஞ்சின் மவுன்ட் தளர்ந்திருந்தால் அதையும்.

வண்டியில் வைத்து வெல்டிங் அடிக்க வேண்டி வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். அடியில் இருக்கும் சூட்டுத் தகடு துருப்பிடித்து ஆடினால் பிய்த்து எறியாமல் சரிசெய்து மாட்டுங்கள். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தித் தீப்பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நேர்குழாய்

ஒரு சந்தேகம். பெட்ரோல் டேங்கில் ஊற்றினால் கேட்கானைச் சுத்தம் செய்யும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே? தின்னர் ஊற்றினால் போதும் என்று வீடியோவும் பார்த்தேன்.

வேதிவாத்தியார்

கரி மட்டும் படிந்திருந்தால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினாலே பெரும்பகுதி எரிந்துவிடும், பாட்டிலுக்கு வேலையில்லை. சாம்பலும் உருகியதும் எந்தப் பாட்டிலுக்கும் போகாது. தின்னரைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈகோவண்டி

பள்ளிக்கூட ட்ரிப் அடிக்கும் வேன் வைத்திருக்கிறேன். நீங்கள் எஞ்சினிடமிருந்து காப்பாற்றுவதைப் பேசுகிறீர்கள். எங்கள் மாருதி ஈகோவுக்குத் திருடனிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் ராத்திரியில் வண்டிக்கு அடியில் படுத்துச் சைலன்சரோடு கழற்றிக்கொண்டு போவார்கள். உள்ளே இருக்கும் "மண்ணை" (பிளாட்டினம் வகை உலோகம் கலந்த பீங்கானை) மட்டும் எடுத்துக்கொண்டு வெறும் உறையைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகும் கில்லாடிகளும் உண்டு. ஓட்டுகிறவருக்குச் சத்தம் மாறினால்தான் தெரியும்.

சர்வீசுக்கு விடும்போதும் இதே கவலைதான். நான் உறையில் வண்டி நம்பரைப் பஞ்ச் அடித்து வைத்திருக்கிறேன். போல்ட் தலைகளில் ஒரு சொட்டு வெல்டிங்.

சான்ஹோசேவாசி

இங்கே பழைய டொயோட்டா பிரியஸ்காரர்கள் படும் பாடும் அதுதான். 2004-லிருந்து 2009 வரை வந்த மாடல் என்றால் திருடர்களுக்குக் கொண்டாட்டம். ஹைப்ரிட் என்பதால் எஞ்சின் பாதி நேரம் ஓடாது, கேட்கானில் உலோகம் தேயாமல் இருக்கும் என்று அதையே தேடி வருகிறார்கள். அடியில் தகடு அடித்துப் பூட்டுகிறோம்.

முடிச்சூர்க்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது.

கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ரிங் தப்பித்தது. கயிற்று வித்தையை என் மெக்கானிக்கிடம் சொன்னபோது சிரித்தார், "அது தெரியாமலா இருப்பேன்" என்று தானே கயிற்றை எடுத்துவந்தார். வெளியே வந்த பழைய சீல்கள் ரப்பராகவே இல்லை. ஒன்றை விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், அப்பளம் மாதிரி முறிந்தது. மேனிஃபோல்ட் பேக்கிங்கில் மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்திலேயே கறுப்பாக ஒரு கோடு. கிரீஸ்கை அண்ணா சொன்ன மூன்றாவது ஆள் அங்கேயும் இருந்தான். பேக்கிங், பிளக், வயர் செட், சென்சார், எல்லாம் புதுசு. முழு சைலன்சரும் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன்.

இரண்டு இடத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. நான்கு நாள் வண்டி சும்மா நின்றதில் பேட்டரி இறங்கிவிட்டது. எல்லாம் மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தால் "கிர்ர்" என்கிறதே தவிரப் பிடிக்கவில்லை. உடனே பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் பின்னால் கை வைத்து, "சார் செகண்ட் போடுங்க, தள்ளுறோம்" என்று நின்றுவிட்டார்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யும்போது எரியாத பெட்ரோல் எல்லாம் எங்கே போகும்? புது கேட்கானுக்குள்தான். "வேண்டாம்" என்று நான் கத்தியதில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. வேறொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்துப் பிடித்தோம்.

ஐடிலில் கால் மணி நேரம் விட்டோம். தீய்ந்த வாசமும் மெல்லிய புகையும் வந்தன, பிறகு நின்றன. அப்போது பக்கத்து வண்டி பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் உதவி செய்கிறேன் என்று வந்து, "எல்லா சிலிண்டரும் அடிக்குதா பார்ப்போம்" என்று பிளக் வயரைப் பிடுங்கக் கையை நீட்டினார்! பிடுங்கினால் அந்த சிலிண்டரின் பெட்ரோலும் எரியாமல் புது கேட்கானுக்குள்தான் போகும். எத்தனையோ வருடப் பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. என் மெக்கானிக் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

நேற்று புகைச் சோதனை. சி.ஓ. 0.14 சதவீதம், எச்.சி. 88. சோதனை செய்தவர் மானிட்டரையும் வண்டியின் ஆண்டையும் இரண்டு தடவை பார்த்தார்.

கிரீஸ்கை

ரொம்ப சந்தோஷம் தம்பி. மழை வந்தால் தேங்கிய தண்ணீரில் சூட்டோடு இறக்காதீர்கள். 1,000 கிலோமீட்டரில் சைலன்சர் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள், சூட்டில் தளரும். பிளக்கையும் கழற்றிப் பார்த்துப் படம் போடுங்கள்.

மலைக்கோட்டை

இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தானே எல்லா பங்கிலும்? அது புது கேட்கானைப் பாதிக்காதா?

வேதிவாத்தியார்

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் 13.5 கிலோ போதும். சென்சார் நல்லதாக இருந்தால் இ.சி.யூ. அதைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். இவர் வண்டியில் இப்போது சென்சார் புதுசு. கேட்கானைவிடப் பழைய பெட்ரோல் ஹோஸ்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். 20 வருட ரப்பரை ஒரு தடவை கையால் அழுத்திப் பாருங்கள்.

ஈகோவண்டி

பழைய கேட்கானை என்ன செய்தீர்கள்? சும்மா கொடுத்துவிடாதீர்கள். உருகியிருந்தாலும் உலோகம் உள்ளேதான் இருக்கிறது என்று வாத்தியாரே சொன்னாரே.

முடிச்சூர்க்காரன்

பட்டறையில் ஒருவர் "நானே தூக்கிப் போட்டுவிடுகிறேன் சார்" என்று ரொம்பப் பாசமாகக் கேட்டார். அந்தப் பாசத்தைப் பார்த்தே சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புதுசு இருந்த கட்டில் அடியில் இப்போது பழசு. பழைய வண்டிப் பாகங்கள் வாங்கி விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அம்மா தினமும் கேட்கிறார், அது எப்போது போகும் என்று.

முடிச்சூர்க்காரன்

இரண்டு மாதம் கழித்து ஒரு தகவல். 2,100 கி.மீ. ஓடியாயிற்று. ஆயில் அளவுக்கம்பியில் குறைந்தது நூல் அளவு. போல்ட் இறுக்கியாச்சு, இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின. காலையில் புகை இல்லை, ஏசி போட்டால் உதறலும் இல்லை. ஹோஸ் ஒன்று வாத்தியார் சொன்னபடி உப்பியிருந்தது, மாற்றிவிட்டேன்.

இன்று காலை மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து, வெளிர்பழுப்பில், பிஸ்கட் நிறத்தில் இருக்கிறது. சந்தோஷத்தில் அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன். படம் எடுக்க மறந்துவிட்டது அண்ணா, மன்னிக்கவும்.